பாதி வாக்கியத்திலேயே மீதி தெரிந்துவிடுகிறதா?

கேள்வி, பிப்ரவரி 3

எனக்கும் என் தங்கைக்கும் இது ஓயாத சண்டை. ஒரே பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து திரையில் வாசித்தால், நான் பாதியில் இருக்கும்போதே அவள் "ம், அடுத்து" என்கிறாள். கேட்டால், "பாதி வாக்கியத்திலேயே மீதி தெரிந்துவிடும், கடைசிவரை எதற்குப் போகணும்?" என்பாள். எனக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. ஒவ்வொரு சொல்லாகப் போனால்தான் உண்டு. நன்றாக வாசிக்கிறவர்கள் ஊகித்துத்தான் வாசிக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் என் மூளை மக்கா? இது பிறவியிலேயே அமைவதா, பழகினால் வருமா?

பிப்ரவரி 3, இரவு

மக்கெல்லாம் இல்லை. தங்கை வேகமாக வாசிக்கிறாள் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்கு அவள் சொல்லும் காரணம்தான் இடிக்கிறது.

"நல்ல வாசகர் ஊகிக்கிறவர்" என்ற பேச்சைப் பெரிதாகக் கிளப்பிவிட்டவர் கென்னத் குட்மன், 1967இல். வாசிப்பு என்பது ஓர் ஊக விளையாட்டு, எழுத்தைக் கொஞ்சம் பார்த்து மீதியை மனசே நிரப்பிக்கொள்கிறது, தேர்ந்தவர்கள் இன்னும் குறைவாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையையே அது பல இடங்களில் மாற்றியது. பிறகு கண்ணசைவை அளக்கும் கருவிகள் வந்தன, கதை கந்தலானது. தேர்ந்த வாசகரும் பெரும்பாலான சொற்களின் மேல் கண்ணை நிறுத்தித்தான் போகிறார். ஒரு நிறுத்தம் சுமார் கால் நொடி. ஆங்கிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சொற்களைக் கண் தாண்டுகிறது, அவற்றில் மிகப் பல குட்டிச் சொற்கள்.

1980இல் கீத் ஸ்டானோவிச் சொன்னது அதைவிடச் சுவாரஸ்யம். ஒரு சொல்லை அடையாளம் காண முன்னால் உள்ள சொற்களின் துணையை அதிகம் தேடுவது தடுமாறும் வாசகர்தான். எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல் தெரிந்துவிடுகிறவருக்கு ஊகம் தேவையே படுவதில்லை. ஆக, ஊகிப்பது தேர்ச்சியின் அடையாளம் என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

பிப்ரவரி 4

தங்கையைச் சோதிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். சுலபம். அவள் வாசிக்காத ஒரு பக்கத்தை எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதோ ஓர் இடத்தில் கையால் மூடிவிட்டு "அடுத்த சொல் என்ன?" என்று எழுதச் சொல்லுங்கள். கதை ஒரு பக்கம், ஏதாவது விதிமுறை அறிவிப்பு ஒரு பக்கம், இரண்டும் வேண்டும்.

புது யோசனை ஒன்றும் இல்லை. வில்சன் டெய்லர் 1953இல் ஒரு பத்தி எவ்வளவு எளிது என்று அளக்க இப்படித்தான் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொன்னார். அதற்கும் முன்னால் 1951இல் கிளாட் ஷானன் எழுத்து எழுத்தாக ஊகிக்கச் சொல்லி, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து உண்மையில் எவ்வளவு புதுச் செய்தி தருகிறது என்று கணக்குப் போட்டார்.

பிப்ரவரி 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்ன சோதனையில் ஒரு ஓட்டை உண்டு, சொல்லிவிடுகிறேன். மூடிய கைக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கிறது. வாசிக்கும்போது கிடைப்பது கால் நொடி. நிதானமாகக் கேட்டால் பதில் சொல்கிற எல்லாரும் ஓட்டத்திலும் ஊகிக்கிறார்கள் என்று ஆகாது. பல வாக்குவாதம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் வருகிறது.

பிப்ரவரி 6

ஓட்டத்தில் ஊகம் நடப்பது எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு:

1980இல் மார்ட்டா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் மண்டையில் மின்முனை பொருத்தி, வாக்கியங்களைச் சொல் சொல்லாகக் காட்டினார்கள். பொருந்தாத சொல் கடைசியில் வந்தால், அது தோன்றி 400 மில்லிநொடி வாக்கில் மூளை அலையில் ஒரு பள்ளம் விழுந்தது. என்-400 என்று பெயர். எதிர்பார்த்த சொல் என்றால் பள்ளம் சின்னது. கண்ணும் இதையே சொல்கிறது. 1981இல் எர்லிக், ரெய்னர் இருவரும் காட்டியது: எதிர்பார்க்கக்கூடிய சொல்லைக் கண் அடிக்கடி தாண்டுகிறது, தாண்டாவிட்டாலும் குறைந்த நேரமே நிற்கிறது.

ஆனால் இதில் ஒரு வக்கீல் கேள்வி இருக்கிறது. சொல் வருவதற்கு முன்பே மூளை அதை எடுத்து வைத்திருந்ததா, அல்லது வந்த பிறகு சட்டென்று பொருந்திப்போனதா? இரண்டிலும் பள்ளம் சின்னதாகத்தான் இருக்கும். 2005இல் டிலாங், அர்பாக், கூட்டாஸ் மூவரும் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். காற்று நன்றாக வீசுகிறது, பையன் எதையோ பறக்கவிட வெளியே போகிறான் என்று வாக்கியம். எல்லாரும் எதிர்பார்ப்பது பட்டம். ஆங்கிலத்தில் பட்டத்துக்கு (kite) முன்னால் "எ" (a) வரவேண்டும், விமானத்துக்கு (airplane) முன்னால் "ஆன்" (an). பொருளே இல்லாத அந்த "ஆன்" வந்ததுமே மூளை அலை மாறினால், பட்டம் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தது என்று என்று அர்த்தம். மாறியது என்றார்கள்.

தமிழில் இதே சோதனைக்கு நமக்கு ஒரு/ஓர் இருக்கிறது. அதைவிட நல்லது ஒன்றும் இருக்கிறது. தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

ஒற்று. எனக்குப் பிழைப்பே மெய்ப்புப் பார்ப்பது என்பதால் இது எனக்குக் கொஞ்சம் நெருக்கமான விஷயம், நீளும்.

"அவன் மெதுவாகக் கதவைச்" என்று ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குக் கண் போகிறது. அந்த "ச்" என்ன செய்கிறது? திறந்தான், தட்டினான், பூட்டினான் எல்லாம் அந்த நொடியே அவுட். மிச்சம் இருப்பது சாத்தினான். "கதவைத்" என்றால் திறந்தானா தட்டினானா என்று இரண்டுக்குள் நிற்கிறது. "கதவைப்" என்றால் பூட்டு. ஒற்றே இல்லாமல் வெறும் "கதவை" என்றால் க, ச, த, ப நான்கும் இல்லை, எனவே உடைத்தான் மாதிரி ஏதோ வருகிறது. அடுத்த சொல்லின் முதல் எழுத்தை முந்தின சொல்லே போட்டுக்கொடுக்கும் மொழி இது. ஆங்கிலத்தின் "எ/ஆன்" உயிரா மெய்யா என்று மட்டும்தான் சொல்லும், நம் ஒற்று எந்த மெய் என்றே சொல்லிவிடும்.

வேலையில் எனக்கு நேர்வது இது. "கதவைச் திறந்தான்" என்று தட்டச்சு ஆகி வந்தால், "திறந்தான்" மேல் எனக்குத் தடுக்கும். ஒற்றின் மேல் தடுக்காது! பிழை இருப்பது "ச்"-இல், இடறுவது ஒரு சொல் தள்ளி. என் மனசு "ச்"-ஐ நம்பி சாத்தினானுக்குத் தயாராகிவிட்டது என்றுதான் அதற்கு நான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன். ஒருவேளை பொருந்தாமை கண்ணில் பட இரண்டு சொல்லும் தேவைப்படுவதால்கூட இருக்கலாம். அந்த வக்கீல் கேள்வி என்னையும் விடுவதில்லை.

எங்களோடு வேலை பார்க்கும் ஒரு சின்னப் பையன், கெட்டிக்காரன், ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதிலும் தடுக்காமல் போவான். அவன் வாசித்து வளர்ந்ததெல்லாம் போனில் ஒற்று இல்லாமல் டைப் செய்த தமிழ். அவனுக்கு அந்த "ச்" ஒரு தகவலே இல்லை. யாரும் ஒழுங்காகப் போடாத குறிப்பை நம்பி எதற்கு ஊகிக்கணும்? அவன் மூளை செய்தது சரியான கணக்கு.

பிப்ரவரி 7, மதியம்

ஆமாம், இதைத்தான் சொல்ல வந்தேன், வளவளவென்று போய்விட்டது. ஊகிக்கும் திறன் என்று ஒன்று தலைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. இதுவரை எந்த எழுத்தை, எவ்வளவு வாசித்தோமோ அதன் படிவுதான் அது. உங்களுக்கும் தங்கைக்கும் வித்தியாசம் இருந்தால் முதலில் அங்கே தேடுங்கள். அவள் என்ன வாசிக்கிறாள், நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள்?

பிப்ரவரி 8

பட்டம் சோதனையை நான் அப்படியே விட்டுவிட்டால் யாராவது வந்து பிடிப்பார்கள். பிடித்தும் விட்டார்கள். சரி: 2018இல் நியூலேண்டும் கூட்டாளிகளும் ஒன்பது ஆய்வகங்களில் 334 பேரை வைத்து அதையே திரும்பச் செய்தார்கள். பெயர்ச்சொல்லில் பள்ளம் வந்தது. முன்னால் வரும் "எ/ஆன்"-இல் 2005இல் சொன்ன மாற்றம் வரவில்லை. சொல்லை ஒலியோடு, எழுத்தோடு முன்கூட்டியே எடுத்து வைப்பது எல்லாருக்கும் எப்போதும் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல இனி முடியாது.

நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். 334 பேரின் சராசரிக்குள் தங்கையும் இருக்கிறாள், நீங்களும் இருக்கிறீர்கள், எங்கள் சின்னப் பையனும் இருக்கிறான். கூட்டிக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாமல் போவதில் என்ன ஆச்சரியம்?

பிப்ரவரி 8, இரவு

அது ரொம்பச் சுலபமான பதில், எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. "ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்லி எந்தத் தோற்ற சோதனையையும் காப்பாற்றிவிடலாம். யார் யாருக்கு எந்தப் பக்கம் மாறும் என்று முன்கூட்டியே சொன்னால்தான் அது பேச்சு. அப்படிச் சொல்ல முடிந்த இடங்களை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

நாளைக்கு என்றது இன்றைக்கு ஆயிற்று.

முதலில் எழுத்தறிவு. 2012இல் ரமேஷ் மிஷ்ரா, ஃபால்க் ஹ்யூட்டிக் முதலானோர் இந்தி பேசும் இரண்டு கூட்டத்தாரை எடுத்துக்கொண்டார்கள், நிறையப் படித்தவர்கள், மிகக் குறைவாகப் படித்தவர்கள். திரையில் சில படங்கள், காதில் ஒரு வாக்கியம். இந்தியில் பெயரடையே பால் காட்டும், எனவே பெயர்ச்சொல் வருமுன்பே எந்தப் படம் என்று ஊகிக்க வழி இருக்கிறது. படித்தவர்களின் கண் அந்தச் சொல் வருமுன்பே சரியான படத்துக்குப் போனது. குறைவாகப் படித்தவர்களின் கண் சொல் காதில் விழத் தொடங்கிய பிறகுதான் போனது. இத்தனைக்கும் அது கேட்கும் வேலை, வாசிக்கும் வேலையே இல்லை! அன்றாடம் பேசுகிற மொழி. பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற மொழியிலேயே ஊகிக்கும் பழக்கத்தை வாசிப்பு கூர்மையாக்குகிறது என்பதை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது.

அதே 2012இல் நிவேதிதா மணியும் ஹ்யூட்டிக்கும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பார்த்தது: நிறையச் சொற்கள் பேசும் குழந்தைகள் "சாப்பிடுகிறான்" என்ற சொல் காதில் விழுந்ததுமே சாப்பிடக்கூடிய பொருளைப் பார்க்கின்றன. குறைவாகப் பேசும் குழந்தைகள் அப்படிப் பார்ப்பதில்லை. புரிந்துகொள்ளும் சொற்களின் எண்ணிக்கை இங்கே கைகொடுக்கவில்லை, பேசும் சொற்கள்தான். ஊகிக்கும்போது மனசு ரகசியமாகப் பேசிப் பார்க்கிறது என்று வாதிடுகிறவர்களுக்கு இது அல்வா.

நினைவு, வேகம்: 2016இல் ஹ்யூட்டிக்கும் எஸ்தர் யான்சேயும் 32 முதல் 77 வயது வரையிலான 105 பேரிடம் டச்சு மொழியில் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் பலவற்றை நினைவில் பிடித்துவைக்கிறவர்கள், விஷயத்தைச் சீக்கிரம் கையாள்கிறவர்கள், இவர்களின் கண் முந்திப்போகிறது. வாசிப்புக் குறைபாடு (டிஸ்லெக்சியா) உள்ள பெரியவர்களும் ஊகிக்கிறார்கள், கொஞ்சம் தாமதமாக. அதை 2015இல் ஹ்யூட்டிக், பிரவுவர் இருவரும் காட்டினார்கள்.

வயது: காரா ஃபெடர்மையரும் கூட்டாஸும் வேறு சிலரும் 2002இல் காட்டியபடி, வயதானவர்களிடம் ஊகத்தின் தடம் மொத்தத்தில் மங்குகிறது. எல்லாரிடமும் இல்லை. குறித்த நேரத்துக்குள் எத்தனை சொல் சொல்வீர்கள் என்று கேட்டால் சரளமாகக் கொட்டுகிறவர்கள், மூளை அலையில் இளையவர்கள் மாதிரியே இருந்தார்கள்.

பிப்ரவரி 10, பின்குறிப்பு

வயதானவர்கள் பற்றி ஒருவர் கொஞ்சம் சோகமாக எழுதியிருந்தார். நியாயமில்லை. அறுபது ஆண்டு வாசித்தவருக்குச் சொல்வளம் நம்மைவிட அதிகம். குறைவது வேகம். கால் நொடிக்குள் முந்திப்போக முடியாவிட்டால் சொல் வந்த பிறகு புரிந்துகொள்கிறார், அவ்வளவுதான். என் மாமா நாளிதழை வாசித்து முடிக்க ஒரு மதியம் ஆகும். ஆனால் அதில் உள்ள முரண்பாடுகளை அவர்தான் எனக்குச் சொல்வார்.

பிப்ரவரி 13

"வினை கடைசியில் வருகிற மொழியில் எப்படி ஊகிக்க முடியும், கடைசிவரை என்ன நடந்தது என்றே தெரியாதே" என்று கேட்டவருக்கு: நேர்மாறு. ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போகும். லார்ஸ் கோனீட்ச்னி 2000இல் பார்த்தபோது, வினைக்கு முன்னால் சொற்கள் கூடக் கூட வினையை வாசிக்கும் நேரம் குறைந்தது. காத்திருக்கும் நேரம் வீணாகப் போவதில்லை. யாருக்கு, எதை, எதால் என்று வேற்றுமை உருபுகள் ஒவ்வொன்றாக வந்து வினைக்கு இடம் ஒதுக்குகின்றன. ஜப்பானிய மொழியில் 2003இலேயே கமிடே, ஆல்ட்மன், ஹேவுட் மூவரும் "-க்கு" போன்ற உருபைக் கேட்டதும் கண் "கொடுக்கப்படும் பொருள்" பக்கம் போவதைக் காட்டிவிட்டார்கள்.

தமிழில் வாசிக்கிற யாரும் "அங்கே யாரும்" என்று வந்ததும் ஓர் "இல்லை"க்குக் காத்திருப்போம். "ஒருபோதும்" என்றால் இன்னும் உறுதி. அதற்கு மேதை ஆக வேண்டியதில்லை.

பிப்ரவரி 14

தங்கை சோதனை முடிவு வந்துவிட்டது என்கிறார் கேள்வி கேட்டவர். கதைப் பக்கத்தில் தங்கை ஏகப்பட்டது சரி, இவர் பாதிக்குக் கீழே. விதிமுறைப் பக்கத்தில் இவர் தங்கையைத் தாண்டிவிட்டார். விசாரித்தால் இவருக்கு வேலையே ஒப்பந்தங்கள் வாசிப்பது. தங்கை தொடர்கதைப் பைத்தியம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிப்ரவரி 7 மதியக் குறிப்பைக் காட்டிவிட்டு நகர்கிறேன்.

வேண்டுமானால் இது: எவ்வளவு வாசித்தவர் என்று அளக்க ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்டும் 1989இல் ஒரு பட்டியல் செய்தார்கள். அதில் எழுத்தாளர் பெயர்களும் எழுத்தாளர் அல்லாதவர் பெயர்களும் கலந்து இருக்கும். தெரிந்த எழுத்தாளரை மட்டும் டிக் அடிக்கணும். "மாதம் எத்தனை புத்தகம் வாசிப்பீர்கள்?" என்று கேட்டால் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள், இதில் கூட்டிச் சொன்னால் போலிப் பெயரில் மாட்டுவார்கள். குறும்பான வேலை, நன்றாகவே அளக்கிறது.

பிப்ரவரி 16

பிப்ரவரி 6ஆம் தேதிக் குறிப்பில் "என்று என்று" இரண்டு முறை இருக்கிறது. வேண்டுமென்றே வைத்தது. இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லை, இலக்கணப் புலிகள் உட்பட.

ஊகத்துக்கு நாம் கட்டும் வாடகை இது. ஏட்ரியன் ஸ்டாவ் முதலானோர் 2019இல் ஆங்கிலத்தில் குட்டிச் சொற்களை இரட்டித்தும் விட்டும் காட்டினார்கள். கண் அந்தச் சொல்மேல் நேராக நின்றபோதுகூட வாசகர்கள் பல முறை கவனிக்கவில்லை. கண் பார்த்தது, மனசு வேறு வாக்கியத்தை வாசித்தது. எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிப்பது இதற்குத்தான். வாக்கியம் உடைந்தால் ஊகம் ஓடாது, எழுத்து எழுத்தாகத் தெரியும். எனக்கு வேறொரு பழக்கம், தாளில் அடிக்கோல் வைத்து ஒரு வரிக்குக் கீழே உள்ளதை மறைத்துவிடுவேன். சொந்தமாக எழுதியதை மட்டும் எந்த முறையிலும் என்னால் பார்க்க முடிவதில்லை. என்ன வரப்போகிறது என்று முழுக்கத் தெரியுமே.

எனவே கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை வாய்ப்பு: ஒவ்வொரு சொல்லாகப் போகிறவர்களை எங்களுக்கு வேண்டும்.

பிப்ரவரி 17

"அப்படியானால் ஊகிக்காதவர் நல்ல மெய்ப்பாளரா?" என்று உடனே பிடித்துக்கொண்டார்கள். இல்லப்பா. எங்கள் சின்னப் பையன் ஒற்றைப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அவனுக்கு எதிர்பார்ப்பே இல்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் பிழை கண்ணில் படாது, எதிர்பார்ப்பு மிஞ்சினாலும் படாது. நடுவில் எங்கோ நிற்கணும். எங்கே என்று கேட்டால் எனக்கும் நாளுக்கு நாள் மாறுகிறது. தூக்கம் கெட்ட மறுநாள் நான் ஒற்றை மட்டும் பிடிப்பேன், தலைப்பில் உள்ள ஆண்டு தப்பாகப் போய்விடும்.

பிப்ரவரி 22

இழை எங்கெங்கோ போகிறது. வாசிக்கும்போது மனசில் படம் ஓடாதவர்கள் பற்றி: உண்டு. ஆடம் ஜீமன் 2015இல் அதற்குப் பெயரே வைத்தார். 2021இல் வந்த ஓர் ஆய்வில், திகில் கதை வாசிக்கும்போது படம் ஓடுகிறவர்களுக்குத் தோலின் மின்கடத்தல் ஏறியது, படம் ஓடாதவர்களுக்கு ஏறவில்லை. ஆனால் திகில் படங்களை நேரில் காட்டினால் இரண்டு கூட்டத்துக்கும் ஏறியது. சுவையான விஷயம்தான், ஆனால் அடுத்த சொல்லை ஊகிப்பதோடு இதை முடிச்சுப் போடாதீர்கள். காட்சி வேறு, சொல் வேறு.

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர் இன்னும் விடவில்லை: "தங்கை தப்பாக ஊகித்தால் திரும்பி வர நேரம் ஆகுமே, அப்புறம் எப்படி வேகம்?"

நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருப்பேன். ஸ்டீவன் ஃப்ரிசன், டேவிட் ஹார்வி, ஸ்டாவ் மூவரும் 2017இல் கண்ணசைவை வைத்துப் பார்த்ததில், ஒரு சொல்லை பலமாக எதிர்பார்க்கவைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தாலும் தனியாக ஓர் அபராதம் தெரியவில்லை. எதையும் எதிர்பார்க்கவைக்காத இடத்தில் அதே சொல்லை வாசிக்க ஆகும் நேரம்தான் ஆனது. ஒற்றைச் சொல்லில் பந்தயம் கட்டுவதில்லை போலிருக்கிறது. இப்படிப்பட்ட சொல் வரலாம் என்று பல சொற்கள் கொஞ்சம் கொஞ்சம் சூடாகி நிற்கின்றன. சாதாரண உரைநடையில் பெரும்பாலான கருத்துச் சொற்களை யாராலும் துல்லியமாக ஊகிக்க முடியாது, ஆனால் பெயரா வினையா, எந்த வகைப் பொருள் என்பது வரை தெரிந்துவிடும் என்று ஸ்டீவன் லூக்கும் கீல் கிறிஸ்டியன்சனும் 2016இல் காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது.

அப்படிப் பார்த்தால் "மீதி தெரிந்துவிடும்" என்று தங்கை சொல்வது வாசித்து முடித்த பிறகு தோன்றும் நினைப்பு. சொல் வந்ததும் இதுதானே வரும் என்று எல்லாருக்கும் தோன்றும். அவளிடம் கேளுங்கள், ஆனால் சொல் வருவதற்கு முன்னால் கேளுங்கள்.

மார்ச் 1

தங்கை இப்போது ஒப்பந்தப் பக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாளாம், அடுத்த சுற்றுக்குப் பழக. பழகினால் வரும். நீங்கள் தொடர்கதை பக்கம் போங்கள். முதல் சில அத்தியாயங்களில் ஒன்றும் தெரியாது, பரவாயில்லை.